அத்தை இரண்டாவதாகச் சொன்னது

வேதியியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அலுவலக அம்மா வாசலில் வந்து நின்று என் பெயரைச் சொன்னார். பையையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பையோடு கூப்பிட்டால் அது நல்ல செய்தியாக இருக்காது என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெரியப்பா நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் கேட்டேன்.

“வண்டியாங்க பெரியப்பா?”

“வண்டி இல்ல கண்ணு. உன்ற மஞ்சுளா அத்தை. டூட்டில இருக்கறப்பவே மயங்கி விழுந்திருச்சாம். தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு சொல்றாங்க.” அவர் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அத்தையோடு அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்கள். நான் ஏன் முதலில் ‘வண்டியா’ என்று கேட்டேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் வைக்கும் நினைவுக் கூட்டத்தில் வீட்டிலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்று உங்கள் தலைமைச் செவிலியர் அப்பாவிடம் கேட்டார். அப்பா அத்தைக்கு ஒரே அண்ணன் இல்லை, பெரியப்பாவும் இருக்கிறார். ஆனால் அத்தை எதற்கெடுத்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார். அப்பா என்னிடம், “என்னால ஆகாது. நல்லவங்க, அன்பானவங்கன்னு நீயே நாலு வரி எழுதி வாசிச்சிரு கண்ணு” என்று சொல்லிவிட்டு அன்னூரில் உள்ள எங்கள் பம்பு செட் கடைக்குப் போய்விட்டார். இது நாலு வரி இல்லை. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். கூட்டத்துக்கு மறுநாள் அப்பா ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டப் போகிறார். அதற்கு முன் இதை நீங்கள் கேட்டுவிட வேண்டும். அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.

துக்கம் கேட்க வந்தபோது, எங்கள் வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அத்தை பல் தெரியச் சிரிப்பார். நல்ல படம் என்று நீங்களும் சொன்னீர்கள். அதன் ஓரத்தில், தோளுக்குப் பின்னால், கருப்பாக ஒரு சீட்டின் தலைப்பகுதி தெரியும். அது அவிநாசி சாலையில் ஒரு ஷோரூமில் நான் எடுத்த படம். எங்கள் பழைய வண்டியை மாற்றிவிட்டு, இரண்டு வீட்டு ஆட்களும் அத்தையும் மாமாவும் சேர்ந்து போகிற மாதிரி ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். சிங்காநல்லூரில் இருந்த அத்தையையும் ஷோரூமுக்கு வரச் சொன்னார்.

அங்கே இருந்ததிலேயே உயரமான வண்டியில் அத்தையை ஏறி உட்காரச் சொன்னோம். ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “அடேங்கப்பா, பஸ் டிரைவராட்ட இருக்குதுங்ணா! முன்னால போற லாரிக்கு முன்னால என்ன போகுதுன்னே தெரியும் போல. இதையே எடுத்துப்போடுங்க” என்றார்.

“என்ற தங்கச்சி சொன்னா மறுபேச்சில்ல” என்று அப்பா விற்பனைப் பையனிடம் சொன்னார். அந்த நேரத்தில்தான் நான் படம் எடுத்தேன். இதுதான் அத்தை முதலில் சொன்னது. எங்கள் சொந்தபந்தம் எல்லோருக்கும் இது ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள் உங்கள் பிரிவுக்கு ஒரு குடும்பம் வந்தது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுடைய ஊரையும் பெயரையும் நான் எழுதப் போவதில்லை, அத்தையும் சொல்லவில்லை. மருத்துவமனை விஷயத்தை அத்தை வீட்டில் பேசவே மாட்டார். “அது அவங்க ஊட்டுச் சங்கதி. நமக்கெதுக்கு?” என்பார். அந்த ஒரு தடவைதான் பேசினார், அதுவும் எங்களுக்காகத்தான் பேசினார்.

அது நாங்கள் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிய காலை. எங்கள் கோயில் கோபிசெட்டிபாளையம் பக்கம். பொங்கல் வைக்கும் பித்தளைப் பானைகள், விறகுக் கட்டு, வாழைத்தார், அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எப்போதும் போல வண்டியின் கூரைமேல் இருக்கும் கேரியரில் ஏற்றிக் கயிறு கட்டியிருந்தோம். உள்ளே ஆட்கள், மேலே சாமான். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் போவோம். அந்தக் கயிற்றைக் கட்டுவதில் எங்கள் வீட்டில் அத்தைதான் கெட்டிக்காரர். பேண்டேஜ் கட்டுகிற கை, கட்டினால் அவிழாது என்று பெரியப்பா கேலி செய்வார்.

அன்று இரவுப் பணி முடிந்து நேராக வந்த அத்தை, வாசலில் நின்று வண்டியின் கூரையையே பார்த்தார்.

“எல்லாத்தையும் கீழ எறக்குங்க” என்றார்.

“ஏம்மணி, பானைல ஓட்டையா?” என்றார் பெரியப்பா.

“பானை நல்லாத்தான் இருக்குதுங்ணா. அது இருக்கற எடந்தான் சரியில்ல.”

“நாளைக்கா கோயிலுக்குப் போறோம்? நேரமாச்சு. வந்து உக்காரு.”

அத்தை உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியின் பின்பக்கம் ஏறி, கயிற்றை அவரே அவிழ்க்க ஆரம்பித்தார். மற்ற வருடங்களில் அவரே கட்டிய கயிறு. அவிழ்த்துக்கொண்டேதான் சொன்னார். உங்களிடம் வந்த குடும்பமும் எங்களைப் போலவே குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பியதாம். ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி. கூரைமேல் இதே பானை, இதே விறகு. எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கியபோது இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட்டன. ஓட்டியவர் பதறிப்போய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பி மேலே ஏற்றப் பார்த்திருக்கிறார். வண்டி சாய்ந்து உருண்டுவிட்டது. யார்மீதும் மோதவில்லை.

“வண்டியப் பாத்தா மறுபடி ஓட்டிட்டுப் போலாமாட்ட இருக்குதாம். பின்னால உக்காந்திருந்தவங்க யாரும் பெல்ட்டு போடல. அவங்க வண்டிக்குள்ளயே இல்ல” என்றார் அத்தை. அன்றிலிருந்துதான், எதிர்பாராமல் போன் அடித்தால் எனக்கு முதலில் வண்டி ஞாபகம் வருகிறது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றார். பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். அந்த வார்த்தைகளை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்.

“அண்ணா, ஷோரூம்ல நான் சொன்னது தப்புங்ணா. உசரமா இருந்தா எல்லாம் தெரியுதேன்னு சொல்லிப்போட்டேன். தெரியறது வேற, நிக்கறது வேற. அந்த வண்டி வேண்டாம். அகலமா, தாழ்வா இருக்கற வண்டியாப் பாக்கலாம். நான் சொன்னத மாத்திக்கிறேன்.”

இதுதான் அத்தை இரண்டாவதாகச் சொன்னது.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். “ஆசுபத்திரில வேலை பாக்கறவளுக்கு ரோட்ல போற வண்டியெல்லாம் ஆக்சிடென்ட்டாத்தான் தெரியும்” என்றார்.

“ஆமாங்ணா. அங்கதான கொண்டாந்து போடறாங்க” என்றார் அத்தை. குரல் உயரவே இல்லை.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் ‘நான் சொன்னது தப்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன வார்த்தையை மாற்றினால் மரியாதை போய்விடும் என்று நினைப்பார்கள். அதற்காகவே பிடிக்காத கல்யாணம் வரைக்கும் நடந்திருக்கிறது. அத்தை வாசலில், வெறுங்காலோடு, அத்தனை பேர் முன்னால் மாற்றிச் சொன்னார். மரியாதை போகவில்லை. எனக்கு அவர் ஒரு அடி வளர்ந்த மாதிரி இருந்தது. உங்கள் பிரிவில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அன்று விறகுக் கட்டை எடுத்துப் போகவேயில்லை, கோபியில் வாங்கிக்கொண்டோம். அரிசியும் தண்ணீரும் கால்களுக்கு நடுவே தரையில் போயின. ஒரு பானை பெரியப்பாவின் மடியில். “கோயிலுக்குப் போறமா, கொளத்துக்குத் தண்ணி எடுக்கப் போறமா?” என்று அவர் வழி நெடுக முணுமுணுத்தார். பின் சீட்டில் தூசி படிந்து கிடந்த பெல்ட்டுகளை அத்தை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து எங்களுக்கு மாட்டினார். “பெல்ட்டு போடாத ஆளுக்கு இந்த வண்டில எடமில்ல. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்” என்றார். பெரியப்பாவுக்குப் பானைக்கும் வயிற்றுக்கும் நடுவே பெல்ட் போட்டதைப் பார்த்து அப்பாவே சிரித்துவிட்டார்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றை இதுவரை யாரும் திரும்பப் பேசவில்லை. கோபியை நெருங்கும்போது வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ரோடு குறுகலாகப் போகும். எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தது. அப்பா ஒதுங்கினார். இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கின. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து தடதடவென்று ஆடியது. அம்மா சாமி பேரைச் சொல்லிக் கத்தினார். அப்பாவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது.

“திருப்பாதீங்ணா. ஆக்சிலேட்டர உடுங்க. நேராவே போகட்டும்.” நடு சீட்டிலிருந்து அத்தை சொன்னார். ஊசி போடும்போது ‘கையை லூசா உடுங்க’ என்று சொல்வார்கள் இல்லையா, அந்தக் குரல். “வேகம் கொறையட்டும். இப்ப மெதுவா ஏறுங்க. அவ்ளோதான்.”

அப்பா சொன்னபடி கேட்டார். திருப்பவில்லை. வண்டி மண்ணிலேயே கொஞ்ச தூரம் போய் வேகம் குறைந்து, பிறகு அலுங்காமல் தார்மேல் ஏறியது. அடுத்த ஊரில் அப்பா வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் டீ வாங்கினார். அத்தையின் டீயை மட்டும் அவரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, “பாத்தியா, நம்ம வண்டி உருளல” என்றார். அத்தை டீயைக் குடித்தார். ‘ஏன் உருளவில்லை’ என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணனுக்கு அந்த அளவு விட்டுக்கொடுப்பார். வண்டி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்பா மறுபடியும் ஷோரூமுக்கு வரமாட்டேன் என்று அத்தையிடம் கோபமாகச் சொல்லிவிட்டதால், அத்தை என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அன்று நடந்தது எனக்கும் அந்த விற்பனைப் பையனுக்கும் மட்டும்தான் தெரியும். அத்தையின் கைப்பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். வயிறு வீக்கம் அளக்கவும் குழந்தைகளின் தலைச்சுற்றளவு பார்க்கவும் உங்களிடமும் இருக்குமே, அந்த மாதிரி சுருட்டி வைக்கும் டேப். அதை எடுத்து என் கையில் ஒரு முனையைக் கொடுத்தார். உயரமான வண்டியின் முன்சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு என்று குனிந்து அளந்தோம். கூரை உயரத்துக்கு டேப் எட்டவில்லை. இரண்டு தடவையாக அளந்தோம். பிறகு பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியை அளந்தோம். அதிலும் ஏழு பேர் உட்காரலாம், ஆனால் பார்வைக்கு அவ்வளவு கம்பீரம் இல்லை. கூரை தாழ்வு. சக்கரங்களுக்கு நடுவே அகலம் கூடுதல்.

“மேடம், அதெல்லாம் பிரோஷர்லயே இருக்குதுங்க” என்று பையன் சிரித்தான்.

“இருக்கட்டும் தம்பி. அளந்து பாத்தா மனசுல நிக்கும்” என்றார் அத்தை. “பாரம் எந்த ஒசரத்துல உக்காந்திருக்குன்னு டேப்புல தெரியாது. அதுக்கு உங்களத்தான் கேக்கணும்.”

“பயப்படவே வேண்டாம் மேடம், இது ஃபைவ் ஸ்டார்.”

“முன்னால இடிச்சா, பக்கத்துல இடிச்சா என்னாகும்னு அந்த ஸ்டார் சொல்லுது. சந்தோசம். உருண்டா?”

“உருளாது மேடம்.”

“உருளாத வண்டின்னு ஒண்ணு இருக்குதுங்களா தம்பி?”

பையன் யோசித்தான். நல்ல பையன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கொஞ்சம் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அத்தை கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார். வண்டி வழுக்கினால் தானாகவே அந்தந்தச் சக்கரத்துக்கு பிரேக் பிடித்து நேராக்கும் வசதி, உயரமான வண்டியில் மேல் மாடலில் மட்டும்தான் இருக்கிறது. அப்பா பார்த்து வைத்திருந்த மாடலில் இல்லை. ஜன்னல் ஓரமாகத் திரை போல இறங்கும் ஏர்பேக் கடைசி வரிசை வரைக்கும் வராது. தாழ்வான வண்டியில் இரண்டும் உண்டு. கடைசி வரிசைக்கும் முழு பெல்ட் உண்டு. அத்தை கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து அந்த பெல்ட்டை மாட்டி, உடம்பை முன்னால் தள்ளி இழுத்துப் பார்த்தார். “இங்கதான் எப்பவும் சின்னதுகள உக்கார வெக்கிறோம்” என்றார்.

எனக்குக் கூரையில் திறக்கும் ஜன்னல் வேண்டும் என்று ஆசை. தாழ்வான வண்டியில் நாங்கள் பார்த்த மாடலில் அது இல்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “தலைய வெளிய நீட்டிட்டு நிக்கறதுக்கா அம்மணி? எங்க வார்டுல கட்டில் காலி இல்ல” என்றார். பையன் சிரித்தே விட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை சொன்னார்: “எந்த வண்டியும் உருளலாம் கண்ணு. நாம எடுக்கறது சுலபமா உருளாததா இருக்கோணும். உருண்டாலும் உள்ள இருக்கறவங்க உள்ளயே இருக்கோணும். இந்த ரெண்டுதான். கலரெல்லாம் உங்கொப்பன் இஷ்டம்.” அப்பாவிடம் பேச நல்ல நேரம் பார்ப்பதாகச் சொன்னார். அந்த நேரம் வரவில்லை.

அத்தை போன பிறகு அப்பா அழவில்லை. வந்தவர்களையெல்லாம் வாசலில் நின்று வாங்க என்று கூப்பிட்டார், சாப்பிடச் சொன்னார். படத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர், “மஞ்சுளா வண்டி மேல உக்காந்து சிரிக்கிறாளாட்ட இருக்குது” என்றார். “அவ புடிச்சுச் சொன்ன வண்டிங்க அது” என்றார் பெரியப்பா. அவர் பொய் சொல்லவில்லை. முதலில் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. துக்க வீட்டில் யாரும் சண்டையை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அன்று முதல் அது ‘அத்தை ஆசைப்பட்ட வண்டி’ ஆகிவிட்டது. அப்பா அதையே வாங்கி, அத்தைக்கு ஞாபகமாகப் பின் கண்ணாடியில் அவர் பெயரை எழுதுவதாகச் சொன்னார். எங்கள் பக்கம் நிறைய வண்டிகளில் அப்படிப் பெயர் இருக்கும். ஸ்டிக்கர் கடையில் சொல்லி வெள்ளை எழுத்தில் ‘மஞ்சுளா’ என்று வெட்டி வாங்கிவந்தார். இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு குத்துவிளக்கு. சுருட்டி, செய்தித்தாள் சுற்றி, பிரிட்ஜ் மேல் வைத்திருந்தார்.

அப்பா எதற்காக இதைச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். தங்கச்சியிடம் கடைசியாகப் பேசியது கோபப் பேச்சு. அதைச் சரிசெய்ய அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் கயிற்றை அவிழ்த்தபடி வேண்டாம் என்று சொன்னவரின் பெயர், அதே வண்டியின் முதுகில் ஊர் ஊராகப் போகும். அந்தப் பெயருக்கு முன்னால், கடைசி வரிசையில், நாங்கள் உட்கார்ந்திருப்போம். கேரியரில் மறுபடி பானை ஏறும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்பா, இதை எல்லோர் முன்னாலும் வாசிப்பதற்கு என்னை மன்னியுங்கள். வீட்டில் சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை. வாழைத்தோட்டத்துப் பக்கம் சக்கரம் மண்ணில் இறங்கியபோது நீங்கள் அத்தை சொன்னதைக் கேட்டீர்கள். அதனால்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம். நீங்கள் சண்டை போட்டதை அத்தை மனதில் வைத்திருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கலர் உங்கள் இஷ்டம் என்றுதான் சொன்னார்.

அத்தையின் டேப் மாமாவிடம் இருக்கிறது. எங்கே போனாலும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அத்தையின் கைக்கடிகாரத்தை அம்மா கட்டிக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. இதை எழுதிய அன்று சாயங்காலம் நீங்கள் பிரிட்ஜ் மேலும் பீரோவுக்கு அடியிலும் தேடினீர்களே அப்பா, அது என் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. கசங்காமல் வரைபடத் தாளுக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன்.

அத்தையின் பெயரை நான் வைத்திருக்கிறேன். அவர் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, “போலாங்ணா” என்று சொல்லக்கூடிய வண்டி நம் வீட்டுக்கு வரட்டும். அன்றைக்கு நானே ஒட்டுகிறேன்.